டூத் பிரஷ் இல்லாமல் விண்ணுக்குப் போனவர்: வாசகர் கேள்வி – பதில்

விண்வெளிக்குப் போன பெண்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலரும் கேட்டவற்றுக்கும், ஒரே ஒருவர் மட்டும் துணிந்து கேட்டவற்றுக்கும் இந்த இதழில் பதில்.

வாலண்டினா தெரெஷ்கோவா கப்பலை ஓட்டினாரா, சும்மா உட்கார்ந்து போய் வந்தாரா? வகுப்பில் ஒரு பையன் கேட்டுவிட்டான்.
– பள்ளி ஆசிரியை, விருதுநகர்

விண்ணுக்குப் போன முதல் பெண்ணைப் பற்றி நியாயமான கேள்வி. ஆனால் இதை முதல் ஆள் ககாரினைப் பற்றியும் கேட்க வேண்டும். இருவரும் போன சோவியத்தின் வஸ்தோக் கப்பல் பெரும்பாலும் தரைக் கட்டளையிலும் தானியங்கியிலும் ஓடியது. உள்ளே இருப்பவர் கைப்பிடியைக் கொண்டு கப்பலை இப்படியும் அப்படியும் திருப்பலாம். பாதையை மாற்ற முடியாது.

திருப்புவது எதற்கு என்றால், இறங்குவதற்கு. கப்பலில் இருந்தது ஒரே ஒரு பிரேக் எஞ்சின். அது போகும் திசைக்கு எதிராக முக்கால் நிமிடம்போல எரிந்தால் வேகம் குறைந்து கப்பல் கீழே வரும். கப்பலின் முகம் மாறியிருந்தால் அதே எஞ்சின் வேகத்தைக் கூட்டி இன்னும் மேலே தள்ளிவிடும். 1963 ஜூன் 16 அன்று கிளம்பிய வஸ்தோக்-6இல் நடக்கவிருந்தது இதுதான். தானியங்கியில் ஏற்றியிருந்த திசைக் கணக்கு இறங்குவதற்கானது அல்ல, ஏறுவதற்கானது. தாமே அதைக் கண்டுபிடித்துத் தரைக்குச் சொன்னதாகவும், புதிய எண்கள் வந்ததாகவும், தலைமை வடிவமைப்பாளர் கொரொல்யோவ் கேட்டுக்கொண்டதால் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை என்றும் தெரெஷ்கோவா பின்னாளில் சொன்னார்.

இது எவ்வளவு பெரிய தவறு? மாற்று எஞ்சின் இல்லாததால் வஸ்தோக்கை வேண்டுமென்றே தாழ்வான பாதையில் விடுவார்கள். எஞ்சின் எரியாமல் போனாலும், அந்த உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்றே இழுத்துச் சுமார் பத்து நாளில் கப்பலைக் கீழே கொண்டுவந்துவிடும். உணவும் காற்றும் அத்தனை நாளுக்கு இருக்கும். எஞ்சின் தப்பான பக்கம் எரிந்து பாதை உயர்ந்துவிட்டால் அந்தக் காப்பும் போய்விடும். அதைக் கவனித்தவரைப் 'பயணி' என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. கப்பலைக் கையால் திருப்பும் பயிற்சி முதலில் அவருக்குக் கைகூடவில்லை என்பதும், மூன்றாம் நாள் செய்து காட்டினார் என்பதும் உண்மை. இரண்டையும் பையனிடம் சொல்லுங்கள்.

அவர் பூமியைச் சுற்றியது 48 முறை, இருந்தது 70 மணி 50 நிமிடம். அமெரிக்காவின் முதல் மனித விண்பயணத் திட்டமான மெர்க்குரியில் பறந்த ஆறு வீரர்களின் நேரத்தைக் கூட்டினாலும் 54 மணியைத் தொடாது.

இறங்கியதும் நாம் நினைப்பதுபோல் இல்லை. வஸ்தோக் உருண்டை தரையில் மோதும் வேகத்தை உள்ளே இருப்பவர் தாங்க மாட்டார். அதனால் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனிப் பாராசூட்டில் இறங்க வேண்டும். யாரோஸ்லாவ்ல் நகர நூற்பாலைத் தொழிலாளியைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் அவர் பாராசூட் சங்கத்தில் குதித்துப் பழகியவர் என்பதே. விமானி கப்பலோடு இறங்கினால்தான் சாதனை என்று சர்வதேச விமானக் கூட்டமைப்பு அப்போது விதி வைத்திருந்ததால், இந்தக் குதிப்பைச் சோவியத் வெகுகாலம் மறைத்து வைத்தது.

இன்னொன்று: பற்பசை வைத்தவர்கள் பிரஷ் வைக்க மறந்துவிட்டார்கள். விரலாலும் தண்ணீராலும் சமாளித்தாராம்.

1963இல் ஒரு பெண் போயாகிவிட்டது. அடுத்தவர் போக ஏன் 19 ஆண்டு? அமெரிக்காவுக்கு ஏன் 20?
– வாசகர், கோயம்புத்தூர்

சோவியத்துக்கு வேண்டியிருந்தது 'முதல்' என்ற சொல். அது கிடைத்துவிட்டது. 1962இல் ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: தெரெஷ்கோவா, குஸ்னெத்சோவா, சொலொவ்யோவா, பொனமர்யோவா, யோர்கினா. மற்ற நால்வரும் பறக்கவேயில்லை. பெண்கள் மட்டும் போகும் வஸ்கோத் பயணம் ஒன்று திட்டத்தில் இருந்தது. 1966 ஜனவரியில் கொரொல்யோவ் இறந்த பிறகு அந்தக் கப்பல் வரிசையே கைவிடப்பட்டது. 1969இல் பெண்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். 1982 ஆகஸ்டில் ஸ்வெத்லானா சவித்ஸ்கயா போகும்வரை வேறு பெண் இல்லை.

அமெரிக்கக் கதையில் உடம்பு தடையாக இருக்கவில்லை, விண்ணப்பப் படிவம் தடையாக இருந்தது. மெர்க்குரி வீரர்களுக்கு மருத்துவச் சோதனை நடத்திய லவ்லேஸ் என்ற மருத்துவர், தனியார் செலவில் பெண் விமானிகளையும் அதே சோதனைகளுக்கு உட்படுத்தினார். காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டுத் தலைசுற்றலை அளப்பது, ரப்பர் குழாயை விழுங்க வைப்பது, மூச்சு முட்டும்வரை சைக்கிள் மிதிக்க வைப்பது எல்லாம் அதில் உண்டு. 13 பேர் தேறினார்கள். முதலில் தேறிய ஜெர்ரி காப், வெளிச்சமும் ஒலியும் இல்லாத தண்ணீர்த் தொட்டியில் 9 மணி 40 நிமிடம் கிடந்தார். 1961 செப்டம்பரில் பென்சகோலா கடற்படைத் தளத்தில் நடக்க வேண்டிய அடுத்த சோதனை, நாசாவிடமிருந்து அதிகாரபூர்வக் கோரிக்கை இல்லை என்று ரத்தானது.

1962 ஜூலையில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. நாசாவின் பதில்: ராணுவ ஜெட் சோதனை விமானியாக இருக்க வேண்டும், பொறியியல் பட்டம் அல்லது அதற்கு ஈடான தகுதி வேண்டும். ராணுவ ஜெட்டில் பெண்ணை ஏற்றுவதில்லை என்பதால் முதல் நிபந்தனை கதவைச் சாத்திவிட்டது. சாட்சி சொன்ன ஜான் கிளென் அப்போது பட்டம் முடிக்காதவர். 'ஈடான' என்ற சொல் அவருக்கு நீண்டது, காப்புக்கு நீளவில்லை. பதின்மூவரில் ஒருவரான வாலி ஃபங்க் 2021 ஜூலை 20 அன்று, தமது 82ஆம் வயதில், ப்ளூ ஆரிஜின் என்ற தனியார் நிறுவனத்தின் ராக்கெட்டில் மேலே போய் வந்தார்.

விண்வெளி ஓடம் வந்தபோது விமானி அல்லாத 'பயண நிபுணர்' என்ற பதவியும் வந்தது. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் அரசு அலுவலகங்களுக்கும் நீண்டது. 1978 ஜனவரியில் எடுத்த 35 பேரில் ஆறு பேர் பெண்கள்.

சவித்ஸ்கயா விண்ணில் வெல்டிங் செய்தார் என்கிறார்கள். நான் 30 வருடமாக வெல்டர். அது எப்படி முடியும்?
– வாசகர், ஓசூர்

நீங்கள் பட்டறையில் பிடிக்கும் ஆர்க் அல்ல அது. கியேவின் பத்தோன் நிறுவனம் செய்துகொடுத்த கைக்கருவி. மின்னணுக் கற்றையால் உலோகத்தை உருக்குவது. தரையில் இந்தக் கற்றையைப் பயன்படுத்த வேலைப் பொருளை வெற்றிட அறைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும், காற்று இருந்தால் கற்றை சிதறிவிடும். மேலே வெற்றிடம் இலவசம்.

1984 ஜூலை 25 அன்று சோவியத்தின் சல்யூத்-7 விண்வெளி நிலையத்துக்கு வெளியே சவித்ஸ்கயாவும் ஜானிபெகோவும் மாறி மாறி மாதிரித் தகடுகளை வெட்டினார்கள், ஒட்டினார்கள், பற்றவைத்தார்கள், மேற்பூச்சு போட்டார்கள். மொத்தம் 3 மணி 35 நிமிடம். பயம் தகட்டைப் பற்றியது அல்ல. கற்றை தவறி உடையில் பட்டால் துளை விழும். காற்றடைத்த கையுறைக்குள் விரலை மடக்குவதே டென்னிஸ் பந்தை நசுக்குவதுபோல் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். விண்நடை போன முதல் பெண் அவர்தான். அமெரிக்காவின் கேத்ரின் சலிவன் அக்டோபர் 11க்குத் திட்டமிடப்பட்டிருந்தார். முந்திக்கொள்ளவே இந்த ஏற்பாடு என்பதில் பெரிய ஒளிவுமறைவு இல்லை. முந்துவதற்காகப் போனாலும் வேலை உண்மையான வேலைதான்.

சாலி ரைட் என்றாலே 'நூறு டாம்பன் போதுமா' என்று பொறியாளர்கள் கேட்ட கதையைத்தான் சொல்கிறார்கள். வேறு ஒன்றுமே செய்யவில்லையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

கதை உண்மை. ஒரு வாரப் பயணத்துக்கு, மாதவிலக்குப் பஞ்சு நூறு. ஒன்றோடொன்று நூலில் கட்டி வைத்திருந்தார்களாம், பறந்து போகாமல் இருக்க. அவர்களுக்குத் தெரியாதது, கேட்டார்கள். கேட்காமலே அனுப்பியிருந்தால் இன்னும் மோசம்.

1983 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் முதல் விண்வெளிப் பெண்ணாகச் சேலஞ்சர் ஓடத்தில் போனபோது ரைடின் வயது 32, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஓடத்தின் இயந்திரக் கையை உருவாக்கிய குழுவோடு வேலை செய்தவர். அந்தப் பயணத்தில் ஒரு செயற்கைக்கோளை அந்தக் கையால் வெளியே விட்டு, மறுபடி பிடித்து உள்ளே வைத்தார்கள்.

எங்கள் பார்வையில் அவருடைய பெரிய வேலை தரையில் நடந்தது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்ததை விசாரித்த குழுவில் அவர் இருந்தார். ஒருநாள் நடைபாதையில், குழுவின் இன்னொரு உறுப்பினரான ஜெனரல் குடினாவின் கையில் பேசாமல் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு நடந்தார். அதில் இரண்டு வரிசை எண்கள்: ஒன்று வெப்பநிலை, மற்றது ஓடத்தின் பக்கவாட்டு பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு வேகமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் என்பது. குளிர்ந்தால் திரும்பாது. ஏவிய காலையில் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருந்தது. தாள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கொடுத்தவர் வேலை போகும். குடினா அதைக் காட்டிக்கொடுக்காமல், கார் கார்புரேட்டர் வளையத்தைப் பேச்சில் எடுத்து இயற்பியலாளர் ஃபைன்மனுக்குக் குறிப்புக் கொடுத்தார். ஐஸ் தண்ணீரில் வளையத்தை முக்கி ஃபைன்மன் காட்டியது உலகத்துக்கே தெரியும். அந்தத் தாள் ரைடு கொடுத்தது என்பது 2012இல் அவர் இறந்த பிறகே வெளியே வந்தது. 2003இல் கொலம்பியா ஓடம் சிதறியதை விசாரித்த குழுவிலும் இருந்தவர் அவர். இரண்டு விசாரணைக் குழுக்களிலும் இருந்த ஒரே ஆள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மாதவிலக்கு, சிறுநீர் எல்லாம் அங்கே எப்படி?
– வாசகி, பெயர் வேண்டாம்

கூச்சப்பட வேண்டியது கேட்ட நீங்கள் அல்ல. பல ஆண்டுகளாக இதை யோசிக்காமல் கழிப்பறை வடிவமைத்தவர்கள்தான்.

மாதவிலக்கு அங்கேயும் இங்கே வருவதுபோலத்தான் வருகிறது. ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும் என்ற பழைய பயம் பொய்த்துப் போயிற்று. பட்டைகளும் டாம்பன்களும் எடுத்துப் போகலாம். இருந்தாலும் நீண்ட பயணம் போகும் பலர் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்து மாதவிலக்கை நிறுத்திக்கொள்கிறார்கள். எடை ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம்: சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குகிறார்கள்; அந்த அமைப்பு மாதவிலக்கு ரத்தத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. மூன்றாண்டு செவ்வாய்ப் பயணத்துக்குத் தினம் ஒரு மாத்திரை என்றால் ஆயிரத்துக்கு மேல். பெட்டியோடு அதன் எடையும், அத்தனை நாள் கதிர்வீச்சில் மருந்து கெடாமல் இருக்குமா என்பதும் கணக்கில் வரும்.

சிறுநீர் விஷயம் சுவையானது. ஆரம்பத்தில் விண்நடைக்குப் போகும் ஆண்களுக்கு உறைபோல ஒன்றை மாட்டிக் குழாய் வழியாகப் பையில் சேர்த்தார்கள். அது நழுவும், ஒழுகும். 1978இல் பெண்கள் வந்ததும் அவர்களுக்காக உறிஞ்சும் கால்சட்டை ஒன்று செய்தார்கள். அது நன்றாக வேலை செய்யவே, கொஞ்ச காலத்தில் ஆண்களும் உறையை விட்டுவிட்டு டயப்பருக்கு மாறினார்கள். இன்று விண்நடையில் எல்லோருக்கும் அதுதான்.

நிலையத்துக்கு 2020இல் போன புதிய கழிப்பறையில், உட்கார்ந்தபடியே சிறுநீர்ப் புனலையும் பிடித்துக்கொள்ள வசதி உண்டு. பழையதில் இரண்டையும் ஒரே நேரத்தில் சரியாகப் பிடிப்பது பெண்களுக்குச் சர்க்கஸ்.

2019இல் உடை இல்லை என்று பெண்களின் விண்நடையை ரத்து செய்தார்களே, அவ்வளவு பெரிய நாசாவில் ஒரு சட்டை கிடைக்கவில்லையா?
– வாசகர், மதுரை

சட்டை என்று நினைத்தால்தான் சிரிப்பு வரும். அது ஒரு ஆள் அளவுக் கப்பல். மேல்பாகம் கண்ணாடி இழையால் ஆன கெட்டியான கூடு. நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று மூன்று அளவு. கை கால்களை வளையங்கள் வைத்துக் கூட்டிக் குறைக்கலாம், கூட்டை நறுக்க முடியாது. கூடு பெரிதாக இருந்தால் தோள் துளை உங்கள் தோளுக்கு வெளியே போய்விடும். கையை முன்னால் நீட்டும் ஒவ்வொரு முறையும் கூட்டின் விளிம்போடு மல்லுக்கட்ட வேண்டும். ஆறேழு மணி நேரம் அப்படி வேலை செய்தால் தோள்பட்டை தசைநார் போகும்.

போகவிருந்த இருவரில் ஒருவரான ஆன் மெக்ளேன் தரைப் பயிற்சியில் நடுத்தரம், பெரியது இரண்டிலும் பழகியவர். மேலே போனால் முதுகெலும்பு நீண்டு உயரம் கூடும். எடையின்மையில் உடம்பு உடைக்குள் மிதக்கும். மார்ச் 22 அன்று நடுத்தரத்தில் வெளியே போய் வந்ததும் அதுவே தமக்குச் சரி என்று தெரிந்துகொண்டார். மார்ச் 29க்கு அவரும் கிறிஸ்டினா காக்கும் சேர்ந்து போக இருந்தது. காக்குக்கும் நடுத்தரம்தான். நிலையத்தில் நடுத்தரக் கூடுகள் இரண்டு இருந்தன, உடனே அணியத் தயாராக இருந்தது ஒன்று. மற்றதைத் தயார் செய்யப் பல மணி நேர உழைப்பு வேண்டும்; கசிவுச் சோதனை முடியாமல் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். ஆளை மாற்றுவது எளிது. மெக்ளேன் விலகினார், நிக் ஹேக் போனார்.

விலகியது சரியான முடிவு. தலைப்புச் செய்திக்காகத் தோளைப் பணயம் வைக்கக் கூடாது. ஆனால் 'சிறியது' என்ற அளவே அந்த நிலையத்தில் இல்லை என்பது தற்செயல் அல்ல. பணம் குறைந்தபோது சிறிய அளவு விடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று காக்கும் ஜெசிகா மெய்ரும் 7 மணி 17 நிமிடம் வெளியே இருந்து, பழுதான பேட்டரி மின்னேற்றக் கருவி ஒன்றை மாற்றினார்கள்.

கல்பனா சாவ்லா 1997இல் செய்த தவறால்தான் செயற்கைக்கோள் சுழன்றது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
– வாசகர், சேலம்

பாதி உண்மை, அதனால் முழுப் பொய்யைவிட மோசம். ஸ்பார்ட்டன் என்ற சூரிய ஆய்வுக் கோளை ஓடத்தின் இயந்திரக் கையால் வெளியே விட்டவர் கல்பனா. விட்டதும் அது தன்னைச் சோதித்துக்கொள்ளும் சிறு திருப்பத்தைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. மறுபடி பிடிக்கப் போனபோது இடிபட்டு மெல்லச் சுழல ஆரம்பித்தது. பின்னர் வின்ஸ்டன் ஸ்காட்டும் டகாவோ டோயும் வெளியே போய்க் கையால் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். விசாரணையில், மென்பொருள் இடைமுகத்திலும், குழுவும் தரையும் பின்பற்றிய செயல்முறையிலும்தான் கோளாறு என்று முடிவானது. நாசா அவரை மீண்டும் விண்ணுக்கு அனுப்பியதே அவர்மேல் இருந்த நம்பிக்கைக்குச் சான்று.

அந்த இரண்டாம் பயணம், 2003 ஜனவரி 16 கொலம்பியா. ஏவிச் சுமார் 82 விநாடியில், வெளி எரிபொருள் தொட்டியின் முன்பக்கத் தாங்கியை மூடியிருந்த நுரைக்காப்பில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ போலத்தான். 'நுரை எப்படி ஓட்டை போடும்?' என்று பொறியாளர்களே கேட்டார்கள். நுரை காற்றில் உடனே வேகம் இழந்துவிட்டது, ஓடமோ முடுக்கிக்கொண்டிருந்தது. மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். பின்னர் டெக்சஸில் உண்மையான இறக்கைத் தகட்டின்மேல் நுரையைச் சுட்டுப் பார்த்தபோது 40 செ.மீ. அகல ஓட்டை விழுந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த ஓட்டை வழியே சூடான வாயு உள்ளே புகுந்து இறக்கையின் அலுமினியச் சட்டத்தை உருக்கியது. தரையிறங்க 16 நிமிடம் இருந்தது. கல்பனா, லாரல் கிளார்க் உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2002 செப்டம்பரில் ஏவிய மெட்சாட்-1 வானிலைக் கோளுக்கு 2003 பிப்ரவரியில் கல்பனா-1 என்று பெயர் மாற்றினார்கள்.

நம் சந்திரசேகர் பெயரில் உள்ள தொலைநோக்கியை விண்ணில் விட்டது ஒரு பெண் என்பது சரியா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மயிலாடுதுறை

சரி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்கொண்ட சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வகத்தை ஏற்றிச் சென்ற பயணத்தின் தளபதி ஐலீன் காலின்ஸ். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். சந்திராவும் அதை மேலே தள்ளும் ராக்கெட்டும் சேர்ந்து 22.7 டன், ஓடங்கள் சுமந்ததிலேயே பெரிய சுமை.

1999 ஜூலை 23. கிளம்பிய ஐந்தாம் விநாடியில் மின்கசிவு. ஒரு திருகின் தலையில் உரசி உறை தேய்ந்த கம்பி அது. மூன்று எஞ்சின்களில் இரண்டின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் ஆளுக்கொன்று செத்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் மாற்றுக் கணினி இருந்ததால் ஓடம் பிழைத்தது. அதே நேரத்தில் யாருக்கும் தெரியாமல் இன்னொன்று: ஒரு எஞ்சினுக்குள் அடைப்பாக வைத்திருந்த தங்க முலாம் பூசிய சின்ன ஊசி தெறித்து, புகைவாயின் குளிரூட்டும் குழாய்கள் மூன்றைக் கிழித்துவிட்டது. ஹைட்ரஜன் கசிந்தது. எஞ்சின் அதை ஈடுகட்ட ஆக்சிஜனைக் கூடுதலாகக் குடித்தது. ஆக்சிஜன் கொஞ்சம் முன்னதாகத் தீர்ந்தது. சேர வேண்டிய வேகத்தில் விநாடிக்கு 5 மீட்டர்கூடக் குறையவில்லை. தப்பித்த அளவு அவ்வளவே. திரும்பிய பிறகு எல்லா ஓடங்களையும் நிறுத்திக் கம்பிகளைச் சோதித்தார்கள்.

பத்திரிகைகள் அப்போது அதிகம் எழுதியது 'முதல் பெண் தளபதி' என்பதை. அந்த எட்டரை நிமிடத்தில் அவர் குரல் அசையவில்லை என்பதை எழுதியவர்கள் குறைவு.

சுனிதா வில்லியம்ஸ் போன கப்பலிலேயே திரும்பியிருக்கக் கூடாதா?
– வாசகி, ஈரோடு

கப்பல் திரும்பியது, காலியாக. 2024 ஜூன் 5 கிளம்பிய ஸ்டார்லைனர், நிலையத்தை நெருங்கும்போது அதன் 28 சிறு உந்துகருவிகளில் ஐந்து வேலை நிறுத்தம் செய்தன. நான்கு பின்னர் உயிர்த்தன. ஹீலியமும் கசிந்தது. தரையில் அதே வகைக் கருவியை எரித்துப் பார்த்தபோது, சூட்டில் டெஃப்லான் அடைப்பு உப்பி எரிபொருள் வழியை நெரிப்பது தெரிந்தது. இந்தக் கருவிகள் இருக்கும் பகுதி, திரும்பும்போது கழற்றிவிடப்பட்டு எரிந்துபோகும். ஆகவே மேலே கட்டி வைத்திருக்கும்வரைதான் ஆராய முடியும். நாள்கள் நீண்டது பாதி அதனால்தான்.

ஆகஸ்ட் 24 அன்று முடிவெடுத்தார்கள். அடுத்து வந்த ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கப்பல் நான்கு பேருக்குப் பதில் இரண்டு பேருடன் வந்து, இரண்டு இருக்கையை விட்டு வைத்தது. ஒரு கப்பலின் உடை இன்னொரு கப்பலின் குழாயில் பொருந்தாது என்பதால் உடையும் வேறு வேண்டியிருந்தது. 286 நாள் கழித்து 2025 மார்ச் 18இல் இறங்கினார். 'சிக்கிக்கொண்டார்' என்று எழுதினார்களே, அந்த நேரத்தில் அவர் நிலையத்தின் தளபதி. மொத்த விண்நடை 62 மணி 6 நிமிடம். பெண்களில் அதுவே அதிகம்.

11 நிமிடம் போய் வந்த பாடகியும் விண்வெளி வீராங்கனையா?
– வாசகர், புதுச்சேரி

2025 ஏப்ரல் 14 அன்று ப்ளூ ஆரிஜினில் போன, பாடகி கேட்டி பெர்ரி உட்பட ஆறு பெண்களும் 100 கிலோமீட்டர் கோட்டைத் தாண்டினார்கள். விண்வெளிக்குப் போனவர்கள், சந்தேகமில்லை. வீராங்கனை என்றால் அங்கே செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

நம் ஊர்ப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? இஸ்ரோவில் 'திட்ட இயக்குநர்' என்றால் என்ன வேலை?
– வாசகி, செங்கோட்டை

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 கோளின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் முத்தையா வனிதா சென்னையைச் சேர்ந்தவர். அரியலூரின் என். வளர்மதி 2012இல் ஏவிய ரிசாட்-1 ரேடார் கோளின் திட்ட இயக்குநர். 

திட்ட இயக்குநர் ஒரு கோளை வரைபடத்திலிருந்து ஏவுதளம் வரை கொண்டுவருபவர். மின்சாரக் குழு இன்னும் இரண்டு கிலோ கேட்கும், கருவிக் குழு மூன்று கேட்கும், ராக்கெட் ஒரு கிராமும் தராது. யார் எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்ப்பது அவர். ஆதித்யாவில் ஏழு கருவிகள். சூரியனின் ஒளிவட்டத்தைப் படமெடுக்கும் கருவியில் ஒரு தூசி படிந்தாலும் சிதறும் ஒளி படத்தைக் கெடுக்கும் என்பதால் சுத்த அறை விதிகள் கடுமை. 2023 செப்டம்பர் 2 ஏவி, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன், பூமி ஈர்ப்புகள் சமன்படும் எல்-1 புள்ளியைச் சுற்றும் பாதையில் 2024 ஜனவரி 6 சேர்த்தார்கள். அந்தப் பாதை மலைமுகட்டில் வைத்த பந்துபோல. அவ்வப்போது சிறு எஞ்சினைத் தட்டிச் சரிசெய்யாவிட்டால் நழுவிவிடும். அன்று எரிப்பு தவறியிருந்தால் கோள் புள்ளியைத் தாண்டிப் போயிருக்கும்.

ககன்யானுக்கு எடுத்த நால்வரும் ஆண்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. விண்வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். என்ன செய்யலாம்?
– தாய், நாகர்கோவில்

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கு நால்வரையும் விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்து 2019இல் எடுத்தார்கள். விமானப்படைப் போர் விமானங்களில் முதல் மூன்று பெண்கள் சேர்ந்தது 2016இல். மூன்று ஆண்டில் யாரும் சோதனை விமானி ஆக முடியாது. 1962இல் ஜெர்ரி காப்புக்குச் சொன்ன அதே வாசல், காரணம் மட்டும் வேறு. இந்த முறை கதவு பூட்டியில்லை, வரிசை நீளம்.

உங்கள் மகளுக்கு உடனே உள்ளது இஸ்ரோவின் யுவிகா. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான கோடைப் பயிற்சி. அறிவிப்பு ஆண்டின் தொடக்க மாதங்களில் இஸ்ரோ இணையதளத்தில் வரும், மதிப்பெண்ணோடு வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, சாரணர் சான்றிதழ்களுக்கும் புள்ளி உண்டு. எனவே சான்றிதழ்களை இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். அதன் பிறகு வழி பிரியும். விமானி வழி என்றால் தேசியப் பாதுகாப்பு அகாடமி. 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். கண்ணாடி அளவு, நிறக்குருடு ஆகியவற்றை இப்போதே மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு தெரிந்து மனமுடைபவர்கள் பலர். பொறியாளர் வழி என்றால் திருவனந்தபுரம் விண்வெளித் தொழில்நுட்பக் கல்லூரி, அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு. எந்தக் கல்லூரியில் பி.இ. முடித்தாலும் 65 விழுக்காடு இருந்தால் இஸ்ரோவின் விஞ்ஞானி-பொறியாளர் தேர்வு எழுதலாம்.

இன்னொன்று, பெரும்பாலோர் விட்டுவிடுவது: நீச்சல். விண்நடைப் பயிற்சி பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டிக்குள்தான். நாசாவில் சேர்பவர்கள் 25 மீட்டர் குளத்தை மூன்று நீளம் நிற்காமல் நீந்த வேண்டும், பிறகு விமானி உடையும் ஷூவும் போட்டுக்கொண்டு மறுபடி மூன்று நீளம், அதோடு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். உடைக்குள் தண்ணீர் ஏறினால் எடை எவ்வளவு இழுக்கும் என்பது குளத்தில் இறங்கினால்தான் தெரியும். முதலில் சாதாரண உடையில் நூறு மீட்டர் நிற்காமல் வரட்டும்.